வரிக்கு அடியில் வரைந்த மரம்

ஏஎஸ்டியை, அதாவது ஒரு நிரலைக் கணினி பிரித்து வைத்துக்கொள்ளும் மரவடிவத்தை, படமாக வரைந்து பார்ப்பதெல்லாம் கல்லூரியோடு சரி, வேலைக்கு வந்தபின் யாரும் அதைத் திரும்பிப் பார்ப்பதில்லை என்று என்னோடு வேலை செய்யும் மூத்தவர் ஒருவர் அடிக்கடி சொல்வார். நிரலைக் கணினியின் மொழிக்கு மாற்றும் கம்பைலர் வேலையிலேயே ஊறியவர். வட்டமும் கோடுமாக வரைந்த மரத்தைக் காட்டினால் ஒரு நொடி பார்த்துவிட்டு, 'அழகா இருக்கு, இதை வெச்சு நிரல்ல எந்தப் பிழையைப் பிடிச்சீங்க?' என்று கேட்பார். அந்தக் கேள்விக்குச் சொல்ல என்னிடம் வெகுநாள் பதில் இல்லை. அதற்காக அவர் பக்கம் சாயவும் மனம் வரவில்லை. ஒரு வரி நிரலைக் கணினி எப்படிப் பிரித்து வைத்துக்கொள்கிறது என்பதைக் கண்ணால் பார்க்கும் வாய்ப்பு, அதுவும் நிரல் எழுதத் தெரியாதவர்களுக்குக் கிடைக்கும் வாய்ப்பு, வகுப்பறையோடு முடிந்துபோகக்கூடாது என்று எனக்குள் ஒரு பிடிவாதம் இருந்துகொண்டே இருந்தது.

அவர் தரப்பில் நியாயம் நிறையவே உண்டு. சி, சி++ கம்பைலரான கிளாங்கில் ஏஎஸ்டி டம்ப் எடுத்தால், அதாவது மரத்தை எழுத்தாகக் கொட்டச் சொன்னால், ஒரு நோடுக்கு (மரத்தின் ஒரு கணுவுக்கு) ஒரு வரி வரும். நோடின் வகை, நினைவக முகவரி, மூலத்தில் அது எந்த வரியில் எத்தனையாவது இடத்தில் தொடங்கி எங்கே முடிகிறது, அதன் டைப் எல்லாம் அந்த ஒரே வரியில் இருக்கும். இடப்பக்கத்தில் நிமிர்ந்த கோடுகளும் சிறு கிடைக்கோடுகளும் எது யாருக்குப் பிள்ளை என்று காட்டிவிடும். வேண்டியதைத் தேடிப் பிடிக்கலாம், இரண்டு டம்ப்பை ஒப்பிட்டு வித்தியாசம் பார்க்கலாம், ஒரு துண்டை வெட்டி மின்னஞ்சலில் ஒட்டலாம். படத்தை வைத்து இதில் ஒன்றும் செய்ய முடியாது. கிளாங்கிலேயே மரத்தை கிராஃப்விஸ் என்ற வரைகருவி மூலம் படமாகக் காட்டும் வசதியும் இருக்கிறது. ஆனால் சி++ நிரலில் ஐஓஸ்ட்ரீம் என்ற பெரிய நூலகத்தைச் சேர்த்துவிட்டு முழு மரத்தையும் வரையச் சொன்னால் வருவதைப் படம் என்றே சொல்ல முடியாது. திரைக்குள் அடக்க முயன்றால் எழுத்து தெரியாது, எழுத்து தெரியும்படி பெரிதாக்கினால் மரம் தெரியாது.

சிறிய நிரலில்கூட நிலைமை அப்படித்தான். பைத்தானில் 'அ + ஆ * இ' என்று மட்டும் எழுதிப் பார்ஸ் செய்து, அதாவது மரமாகப் பிரித்துப் பாருங்கள். நாம் எழுதியது 5 டோக்கன் (பெயரும் குறியும் சேர்த்து). மரத்தை நடந்து எண்ணினால் 12 நோடு. உச்சியில் மாட்யூல், அதற்குக் கீழே எக்ஸ்பிரஷன், அப்புறம் இரண்டு பின்ஆப் (இரண்டு உறுப்புகளைச் சேர்த்துக் கணக்கிடும் நோடு), கூட்டலுக்கு ஒரு நோடு, பெருக்கலுக்கு ஒரு நோடு, மூன்று பெயர்கள், ஒவ்வொரு பெயருக்கும் கீழே 'மதிப்பைப் படிக்கத்தான் வந்திருக்கிறேன்' என்று சொல்லும் ஒரு லோட். 12 வட்டத்தையும் ஒளிவுமறைவில்லாமல் வரைந்து காட்டினால், பெருக்கல் முதலில் நடக்கும் என்ற ஒரே செய்தி அதற்குள் காணாமல் போய்விடுகிறது.

கிளாங் இன்னும் ஒரு படி மேலே போகிறது. 'ரிட்டர்ன் அ + ஆ' என்று எழுதினால், ஒவ்வொரு மாறிக்கும் மேலே யாரும் எழுதாத ஒரு இம்ப்ளிசிட் காஸ்ட் நோடு உட்கார்ந்திருக்கும்: மாறி இருக்கும் இடத்திலிருந்து அதன் மதிப்பை எடுக்கிறோம் என்பதைப் பதிந்துவைக்கும் நோடு. அடைப்புக்குறிக்கும் அங்கே தனி நோடு உண்டு. பைத்தானில் அடைப்புக்குறி தன் வேலை முடிந்ததும் மரத்திலிருந்தே போய்விடும். ஆக, மரத்தை அப்படியே வரைவது என்றால், அந்தந்தக் கம்பைலர் தன் வசதிக்குச் செய்துகொண்ட ஏற்பாட்டை வரைவது என்றுதான் ஆகிறது. வாசிப்பவருக்கு அதில் எவ்வளவு வேண்டும் என்ற முடிவை நாம்தான் எடுக்க வேண்டும்.

மரத்தை அழகாக வரையும் கலை

இந்த முடிவுக்கு வருவதற்கு முன்னால், மரத்தை நன்றாக வரைந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று கொஞ்ச காலம் அந்தப் பக்கமே சுற்றிக்கொண்டிருந்தேன். அது வீணான சுற்று இல்லை, அத்தனை அழகான இடம். 1979இல் வெதரெல், ஷானன் இருவரும் மரங்களை ஒழுங்காக வரைவது பற்றி ஒரு கட்டுரை எழுதினார்கள். அதில் இருந்த குறைகளைக் களைந்து ரெய்ன்கோல்டும் டில்ஃபோர்டும் 1981இல் எழுதியதைத்தான் இன்றைக்கும் பல வரைநூலகங்கள் ஏதோ ஒரு வடிவில் பின்பற்றுகின்றன. அவர்கள் கேட்பது எளிமையானது: ஒரே மட்டத்து நோடுகள் ஒரே கோட்டில் நிற்க வேண்டும், தாய் நோடு பிள்ளைகளுக்கு நடுவில் நிற்க வேண்டும், ஒரே அமைப்புள்ள கிளை மரத்தில் எங்கே வந்தாலும் ஒரே மாதிரி தெரிய வேண்டும், ஒரு மரத்தை இடவலம் மாற்றினால் படமும் அப்படியே மாற வேண்டும்.

செய்யும் முறை இன்னும் அழகு. இடக்கிளையைத் தனியாக வரைந்துகொள், வலக்கிளையைத் தனியாக வரைந்துகொள். இரண்டும் முட்டாமல் எவ்வளவு நெருங்க முடியுமோ அவ்வளவு நெருக்கு, தாயை நடுவில் வை. எங்கே முட்டும் என்று தெரிந்துகொள்ள இடக்கிளையின் வல ஓரத்தையும் வலக்கிளையின் இட ஓரத்தையும் மட்டத்துக்கு மட்டம் ஒப்பிட்டுக்கொண்டே இறங்க வேண்டும். ஒரு கிளை குட்டையாக இருந்து பாதியில் முடிந்தால், அதன் கடைசி இலையில் சும்மா கிடக்கும் சுட்டியை (அடுத்த நோடு எங்கே என்று காட்டும் குறிப்பை) நீளமான கிளையின் ஓரத்தோடு இணைத்துவிடுகிறார்கள். அதற்கு திரெட் என்று பெயர். அந்த ஒரு யுக்தியால் எத்தனை நோடு இருந்தாலும் வேலை அதே விகிதத்தில்தான் கூடும். இது இரண்டு பிள்ளை மரங்களுக்கான முறை. எத்தனை பிள்ளை இருந்தாலும் வரையும்படி வாக்கர் 1990இல் விரித்தார். அது சொன்ன வேகத்தில் ஓடவில்லை என்று கண்டு 2002இல் புக்ஹைம், யூங்கர், லைப்பெர்ட் மூவரும் சரிசெய்தார்கள். உலாவியில் படம் வரைய உதவும் டி3 நூலகத்தில் மரம் வரையும் பகுதி அந்தத் திருத்தத்தைத்தான் பயன்படுத்துகிறது.

இந்த முறையில் வரைந்த மரத்தில் ஒரு நோடு திரையில் இடமிருந்து வலமாக எங்கே நிற்கிறது என்பதற்குப் பொருள் எதுவும் கிடையாது. முட்டாமல் இருப்பதற்காக அங்கே நிற்கிறது, அவ்வளவுதான். எனக்கு உறுத்தியது இதுதான். நிரல் என்பது வரிசையாக எழுதிய எழுத்து. அந்த வரிசையை மரம் தூக்கிப் போட்டுவிடுகிறது. சில நேரம் மாற்றியே போடுகிறது. பைத்தானில் ஒரே வரியில் எழுதும் இஃப்-எல்ஸில் முதலில் மதிப்பும் நடுவில் நிபந்தனையும் கடைசியில் மாற்று மதிப்பும் வரும். நோடுக்குள்ளோ நிபந்தனைதான் முதல் பிள்ளை. பிள்ளைகளை அதே வரிசையில் வரைந்தால் படத்தின் இடது ஓரத்தில் நிற்பது நிரலில் நடுவில் இருப்பது. இதேபோல, வருமான வரி அடுக்குகளை எலிஃப் எலிஃப் ('அது இல்லையென்றால் இதுவா') என்று ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதியவர் மனதில் அவை எல்லாம் சமமான கிளைகள். மரத்தில் ஒவ்வொரு எலிஃபும் முந்தைய இஃப்பின் எல்ஸுக்குள் ஒரு புது இஃப். வரைந்தால் வலப்பக்கமாகச் சரிந்துகொண்டே போகும் படிக்கட்டு. இரண்டிலும் படத்தில் பிழை இல்லை, ஆனால் எழுதியவருக்குத் தன் நிரல் அதில் அடையாளம் தெரிவதில்லை.

கணக்குப் பிரிவு மேஜையில்

நாங்கள் செய்யும் சம்பளக் கணக்கு மென்பொருளில் சூத்திரங்களை வாடிக்கையாளரே எழுதிக்கொள்ளலாம். பைத்தான் 3இல் மாறிப் பெயர்கள் தமிழில் இருக்கலாம் என்பதால் சூத்திரங்களும் தமிழிலேயே இருக்கும். எழுதியதை நேரடியாக ஓட்டமாட்டோம். பார்ஸ் செய்து மரமாக்கி, நாங்கள் அனுமதித்த வகை நோடுகள் மட்டுமே இருக்கின்றனவா என்று பார்த்துவிட்டுத்தான் கணக்குப் போடுவோம். அதனால் மரம் எப்படியும் கையில் இருக்கிறது.

ஒரு வாடிக்கையாளரின் கணக்குப் பிரிவில் சம்பளம் போடும் அம்மா, பி.எஃப். பிடித்தம் தப்பாக வருகிறது என்று கூப்பிட்டிருந்தார். தொழிலாளி பங்காக அடிப்படைச் சம்பளமும் அகவிலைப்படியும் சேர்ந்த தொகையில் 12 சதவீதம் பிடிக்க வேண்டும். அவர் எழுதியிருந்தது: 'அடிப்படை + அகவிலைப்படி * 12 / 100'. அடிப்படை 10,000, படி 2,000 என்றால் பிடித்தம் 1,440 ரூபாய் வர வேண்டும். வந்தது 10,240.

'தம்பி, கால்குலேட்டர்ல போட்டா சரியா வருதே' என்றார். போட்டும் காட்டினார். மேஜைக் கால்குலேட்டரில் பத்தாயிரம், கூட்டல், இரண்டாயிரம், பெருக்கல் என்று அழுத்தியதும் 12,000 வந்து நின்றது. அதன்பின் 12, வகுத்தல், 100, சமம். சரியாக 1,440. அந்த வகைக் கால்குலேட்டர் அடுத்த குறியை அழுத்தியதும் அதுவரை வந்ததைக் கணக்கிட்டுவிடும். பெருக்கலுக்கு முன்னுரிமை என்ற பேச்சே அங்கே இல்லை. ஆண்டுக்கணக்காக அந்தப் பொத்தான்களில் பழகிய கை, அதே வரிசையில் சூத்திரத்தையும் எழுதியிருக்கிறது. அது இயல்பான செயல்தானே.

மடிக்கணினியைத் திறந்து அந்தச் சூத்திரத்தின் மரத்தைக் காட்டினேன். உச்சியில் கூட்டல் வட்டம், இடப்பக்கம் அடிப்படை, வலப்பக்கம் வகுத்தல், அதற்குக் கீழே பெருக்கல், கடைசி மட்டத்தில் அகவிலைப்படியும் 12உம். அவர் பொறுமையாகப் பார்த்தார். 'மேலே இருக்கிறதுதான் முதல்ல நடக்குமா?' என்று கேட்டார். இல்லை மேடம், கீழிருந்து மேலே என்றேன். சரி என்று தலையாட்டினார். பிறகு சூத்திரத்தைப் பார்த்தார், மரத்தைப் பார்த்தார், மறுபடி சூத்திரத்தைப் பார்த்தார். மரத்தில் கீழ்மட்டத்தில் இருக்கும் 12 தன் வரியில் எங்கே இருக்கிறது என்று ஒவ்வொரு முறையும் தேடிக்கொண்டிருந்தார். அவர் கண் அங்கும் இங்கும் ஓடுவதைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தபோதுதான் எனக்கு விஷயம் பிடிபட்டது. அவருக்குத் தெரிய வேண்டியது அவர் எழுதிய வரியைப் பற்றி. நான் காட்டிக்கொண்டிருந்தது வேறு ஒரு பொருளை.

அன்றைக்கு ஒரு தாளை எடுத்தேன். சூத்திரத்தை ஒரே வரியில் எழுதினேன். 'அகவிலைப்படி * 12' என்ற பகுதிக்கு நேர் கீழே, அந்த அகலத்துக்கு மட்டும் ஒரு பட்டை போட்டு உள்ளே 24,000 என்று எழுதினேன். அதற்குக் கீழே 'அகவிலைப்படி * 12 / 100' அகலத்துக்கு இன்னொரு பட்டை, உள்ளே 240. கடைசியாக முழு வரியின் அகலத்துக்கு ஒன்று, 10,240. அவர் விரலை முதல் பட்டையின் இட ஓரத்தில் வைத்தார். 'அடிப்படை வெளியே நிக்குதே. அதையும் இதுக்குள்ள இழுக்கணும்' என்றார். எப்படி இழுப்பது என்று நான் சொல்லவில்லை. பேனாவை வாங்கி அவரே அடைப்புக்குறி போட்டார்.

ஆபீஸுக்குத் திரும்பி அதைத்தான் திரையில் செய்தேன். புதிய கண்டுபிடிப்பு ஒன்றுமில்லை. படிநிலையை ஒன்றன்மேல் ஒன்றாகப் பட்டைகளாக அடுக்கிக் காட்டும் ஐசிக்கிள் பிளாட் 1983இலேயே க்ரஸ்கால், லேண்ட்வேர் இருவர் எழுதிய கட்டுரையில் இருக்கிறது. புரொகிராம் எங்கே நேரத்தைச் செலவழிக்கிறது என்று காட்ட பிரெண்டன் கிரெக் 2011இல் கொண்டுவந்த ஃபிளேம் கிராஃப் அதே குடும்பம்தான். என் பட்டைகளில் ஒரே ஒரு நிபந்தனை: பட்டையின் இட ஓரமும் வல ஓரமும் மூல வரியில் அந்த நோடு தொடங்கி முடியும் இடங்களுக்கு நேராக இருக்க வேண்டும். பெயருக்கும் எண்ணுக்கும் பட்டை கிடையாது, அவைதான் வரியிலேயே கண்முன் இருக்கின்றனவே. லோட் வேண்டாம், மாட்யூல் வேண்டாம். 'அ + ஆ * இ' என்பதன் 12 நோடு 2 பட்டையாக ஒடுங்கிவிட்டது. முதலில் கணக்கிடப்படுவது வரிக்கு மிக அருகில், கடைசி விடை அடிமட்டத்தில். மரம் தலைகீழானது எனக்குக் குறையாகத் தெரியவில்லை. மேலிருந்து கீழே படிக்கப் பழகியவர்களுக்குக் கணக்கு நடக்கும் வரிசையும் மேலிருந்து கீழேயே வருகிறது.

அடைப்புக்குறி போட்ட சூத்திரத்தை வரைந்தபோது ஒரு சின்ன அழகைக் கவனித்தேன். பைத்தான் மரத்தில் அடைப்புக்குறிக்கு நோடு இல்லை என்றேன் அல்லவா. கூட்டல் பட்டை அடைப்புக்குறிக்கு உள்ளே தொடங்கி உள்ளேயே முடிகிறது. அதற்கு அடுத்த பெருக்கல் பட்டையோ இடது அடைப்புக்குறியின் அடியிலிருந்தே தொடங்குகிறது. மரத்திலிருந்து போய்விட்ட குறி, இரண்டு பட்டைகளின் ஓரங்களுக்கு இடையே இருக்கும் சிறு இடைவெளியாகத் தெரிகிறது.

24 பைட், 8 குறி, 5 எழுத்து

ஓரங்கள் நேராக வரவேண்டும் என்று சொல்வது எளிது. பைத்தான் ஒவ்வொரு நோடோடும் அது எத்தனையாவது இடத்தில் தொடங்குகிறது என்ற எண்ணைத் தருகிறது. பதிப்பு 3.8 முதல் முடியும் இடத்தையும் தருகிறது. ஆங்கிலப் பெயர்களில் சோதித்தபோது பட்டைகள் கச்சிதமாக உட்கார்ந்தன. தமிழ்ச் சூத்திரத்தில் அவை வரியைத் தாண்டி வலப்பக்கம் எங்கோ போய் நின்றன.

பைத்தான் தரும் அந்த எண் எழுத்துக் கணக்கு அல்ல, எழுத்துகளைப் பைட்டுகளாகச் சேமிக்கும் யுடிஎஃப்-8 முறையின் பைட் கணக்கு. 'அடிப்படை' என்ற சொல்லை எடுத்துக்கொள்ளுங்கள். நாம் எண்ணினால் அ, டி, ப், ப, டை என 5 எழுத்து. யூனிகோடில் உயிர்க்குறிகளும் புள்ளியும் தனித்தனி என்பதால் 8 குறியீடு. ஒவ்வொன்றும் யுடிஎஃப்-8இல் 3 பைட் என்பதால் மொத்தம் 24. அதற்கப்புறம் இடைவெளி, கூட்டல், இடைவெளி என்று 3 பைட். ஆக அகவிலைப்படி 27ஆவது இடத்தில் தொடங்குவதாகப் பைத்தான் சொல்லும். திரையில் வரையும் ஜாவாஸ்கிரிப்ட் பக்கம் அதே இடம் 11. வரியைப் பைட்டுகளாக மாற்றி, 27 பைட் வரை வெட்டி, திரும்ப எழுத்தாக்கி எண்ணினால் இந்தச் சிக்கல் தீர்ந்துவிடும். எடிட்டர்களுக்கும் மொழிக் கருவிகளுக்கும் இடையிலான எல்எஸ்பி நெறிமுறையிலும் இதே இழுபறி இருந்தது. அங்கே தொடக்கத்திலிருந்து யுடிஎஃப்-16 என்ற வேறொரு சேமிப்பு முறையின் கணக்குதான், இரு தரப்பும் பேசி வேறு கணக்கைத் தேர்ந்துகொள்ள 3.17ஆவது பதிப்பில்தான் வழி வந்தது.

எண்ணிக்கை சரியானாலும் அகலம் சரியாவதில்லை. ஆங்கில நிரலுக்குப் பயன்படும் சம அகல எழுத்துருக்களில் பெரும்பாலும் தமிழ் இருக்காது. உலாவி வேறொரு எழுத்துருவை எடுத்துப் போட்டுவிடும். அதில் 'ட' ஒரு அகலம், 'லை' ஒரு அகலம். இத்தனையாவது குறி, குறிக்கு இத்தனை பிக்சல் என்று பெருக்குவது அங்கே செல்லாது. வரியைத் திரையில் எழுதிவிட்டு, இந்தக் குறியிலிருந்து இந்தக் குறி வரை திரையில் எவ்வளவு இடம் பிடித்திருக்கிறது என்று உலாவியிடமே கேட்பதுதான் வழி. கேட்கும்போது மூல வரியைக் கொண்டே கேட்க வேண்டும், நோடில் இருக்கும் பெயரைக் கொண்டு கேட்கக்கூடாது. பைத்தான் மாறிப் பெயர்களை ஒருமுகப்படுத்தித்தான் மரத்தில் வைக்கிறது. 'தொகை' என்பதில் வரும் ஒகரத்தை யாராவது ஒற்றைக்கொம்பும் காலுமாகத் தனித்தனியே தட்டியிருந்தால் மூலத்தில் இரண்டு குறி, மரத்தில் ஒன்று.

இதையெல்லாம் விரிவாகச் சொல்லக் காரணம் இருக்கிறது. நிரல் கருவிகளில் தமிழ் எழுதினால் சிவப்பு அடிக்கோடு இரண்டு சொல் தள்ளி விழுவதும், பிழை காட்டும் அம்புக்குறி வெற்றிடத்தைச் சுட்டுவதும் பார்த்துப் பார்த்து, தமிழில் எழுதினால் இப்படித்தான் என்று பலர் விட்டுவிடுகிறார்கள். அப்படி விடவேண்டியதில்லை. மரத்தைத் தனியே வட்டங்களாக வரைந்துகொண்டிருந்தவரை நானும் இந்த எண்களைத் தொட்டதில்லை, அந்தப் படத்துக்கு அவை தேவைப்படவில்லை. மூல வரியோடு மரத்தைப் பிணைக்கும்போதுதான் ஒவ்வொரு எழுத்துக்கும் கணக்கு சொல்ல வேண்டிவருகிறது.

பட்டை எல்லா இடத்துக்கும் பொருந்தும் என்று சொல்லமாட்டேன். '15000 < சம்பளம் < 21000' என்று பைத்தானில் எழுதினால் இரண்டு ஒப்பீடும் ஒரே நோடில் வரும், அதனால் ஒரே பட்டை. சி மொழியில் அதே வரி ஒன்றுக்குள் ஒன்றாக இரண்டு நோடு, பொருளே வேறு: முதல் ஒப்பீட்டின் விடையான 0 அல்லது 1ஐ எடுத்து 21000த்தோடு ஒப்பிடும், எப்போதும் உண்மை என்றே வரும். பட்டையில் இந்த வித்தியாசம் பளிச்சென்று தெரிகிறது. ஆனால் நீளமான சூத்திரம் கைப்பேசியில் இரண்டு வரியாக மடியும்போது பட்டையும் இரண்டாக உடைகிறது, இரண்டும் ஒரே பட்டை என்பதைக் கண் ஏற்க மறுக்கிறது. மடியவிடாமல் பக்கவாட்டில் நகர்த்தும்படி வைத்துப் பார்த்தேன். அப்போது அடிமட்டத்தில் இருக்கும் கடைசி விடை திரைக்கு வெளியே போய்விடுகிறது. இப்போதைக்கு விடையை மட்டும் பட்டையின் தெரியும் பகுதிக்கு நடுவில் வரும்படி நகர்த்தி வைத்திருக்கிறேன். பல வரிகளுக்கு ஓடும் எலிஃப் அடுக்குகளுக்குப் பட்டை போடவில்லை. அவற்றை எழுதியவர் பார்த்தபடியே ஒரே மட்டத்தில் வரிசையாக வைத்து, எந்த அடுக்கு பொருந்தியதோ அதன் நிபந்தனைக்கு மட்டும் பட்டைகளை விரித்துக் காட்டுகிறேன். மரத்தில் இருக்கும் வடிவம் அதுவல்ல என்று மூத்தவர் சொல்கிறார். சரிதான், அந்த வடிவம் வேண்டுபவர்களுக்கு டம்ப் இருக்கிறது.